வீட்டை உயர்த்துவோம்; வட்டியை உயர்த்த வேண்டாம்!

ஐப்பசி பிறந்துவிட்டால் வடசென்னைத் தாய்மார்களுக்குத் தூக்கம் இல்லை. மழை பெய்கிறது. தெருத் தண்ணீர் வாசற்படியைத் தாண்டுகிறது. அரிசிப் பானை கட்டிலின் மேல் ஏறுகிறது.

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பல பழைய வீடுகள் தெருவைவிடப் பள்ளத்தில் கிடக்கின்றன. வீடு இறங்கிவிட்டதா? இல்லை. தெரு ஏறிவிட்டது! பழைய சாலையின் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு வந்த வினை இது. பழையதைச் சுரண்டி எடுத்த பிறகே புதியதைப் போட வேண்டும் என்று 2021-ம் ஆண்டில் தமிழக அரசு உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். ஆனால், அதற்கு முன்பே பள்ளமாகிவிட்ட வீட்டுக்கு என்ன வழி?

மண் கொட்டித் தரையை உயர்த்தலாம். அல்லது ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கலாம். இரண்டுக்கும் பணம் வேண்டும்.

2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் வந்தபோது, எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் மனம் பதறும். பதறிய மனத்தைத் தேடித்தான் வட்டிக்காரர் வருவார்.

கொஞ்சம் பொறுங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

'மூன்று வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய். ஒரு லட்சத்துக்கு வருஷம் 36 ஆயிரம். அசலில் ஒரு காசும் குறையாது! தண்டல்காரர் 10 ஆயிரம் என்பார். 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார். தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். வருஷக் கணக்கில் இந்த வட்டி 100 சதவீதத்தைத் தாண்டுகிறது! கந்துவட்டியைத் தடுக்க 2003-ம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. மீறினால் சிறை உண்டு.

வேறு வழி இல்லையா? உண்டு.

ஆலையில் வேலை செய்பவர்கள் முதலில் பி.எப். பணத்தை நினைக்கட்டும். சொந்த வீட்டைச் செப்பனிட அதிலிருந்து பணம் எடுக்கலாம். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அது முதுமைக்கு வைத்த சோறு. தேவைக்கு மேல் தொடாதீர்கள்.

அடுத்தது நகைக்கடன். வங்கியில் வையுங்கள். கடனை முழுதும் அடைத்தால் 7 வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-ல் விதி வகுத்தது. தவணை தவறினால் நகை ஏலம் போகும். மறக்க வேண்டாம்.

அவசரம் இல்லாதவர்கள் சீட்டுப் போடலாம். பதிவு செய்த சீட்டுதானா என்று கேட்டுச் சேருங்கள். 1982-ம் ஆண்டுச் சட்டம் காப்பது அதைத்தான்.

வீட்டைச் செப்பனிட வங்கியும் கடன் தருகிறது. ஆனால் பத்திரம் கேட்கிறது. கடலோரக் குப்பங்களில் பாட்டன் காலத்திலிருந்து வாழ்ந்தும் பட்டா இல்லாதவர்கள் இருக்கிறார்கள். பத்திரம் இல்லை, வங்கிக் கதவு திறக்காது. வட்டிக்காரரின் கதவு மட்டும் திறந்தே கிடக்கிறது. இது நியாயமா? இவர்களின் பட்டா மனுக்களை அதிகாரிகள் விரைந்து பார்க்க வேண்டும். பட்டா என்பது வெறும் காகிதம் அல்ல. குறைந்த வட்டிக்கு அதுதான் சாவி!

ஒரே நாளில் எல்லாம் முடிக்க வேண்டும் என்பதும் இல்லை. கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். கொத்தனாரிடம் செலவை எழுதி வாங்குங்கள். மாதச் சம்பளத்தில் தவணை போக, அரிசிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மிஞ்சுமா என்று பாருங்கள். மிஞ்சாவிட்டால், இந்த வருஷம் சமையலறைத் தரையை மட்டும் உயர்த்துங்கள். மற்றது அடுத்த வருஷம்.

மழைத் தண்ணீர் நாலு நாளில் வடிந்துவிடும். கந்துவட்டி வடியாது. வீட்டைத் தூக்கப்போய், வீட்டையே இழந்துவிடக் கூடாது!