மலிவான பட்டமும் விலையுள்ள படிப்பும்

பாஞ்சாலங்குறிச்சிக்குச் செல்பவர்கள் பார்த்துத் திரும்புவது 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக்கோட்டையை. கட்டபொம்மனின் கோட்டை 1799இல் வீழ்ந்தது; 1801இல் ஊமைத்துரை மீண்டும் எழுப்பியதும் அவ்வாண்டே தகர்ந்தது. நமக்கு எஞ்சியவை இருவகைச் சான்றுகள். 1801 முற்றுகையில் பங்கேற்ற ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகள், கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரம் போன்றவை ஒருவகை. நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல் போன்றவை மற்றொரு வகை.

இவற்றை அருகருகே வைத்து, எது மிகைப்படுத்துகிறது, எது மறைக்கிறது என்று வாசிக்கக் கற்றுத்தருவதே முதுகலை வரலாற்றுப் படிப்பின் பணி என்று நினைக்கிறேன். வெல்ஷும் கால்டுவெல்லும் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறார்கள். வாசிக்கும் பயிற்சி அப்படிக் கிடைப்பதில்லை.

பட்டம் மலிவுதான். அரசுக் கலைக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு. 1985இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் கதவைத் திறந்தன. உப்பளத்தில் உழைப்பவர் இரவில் படித்து எம்.ஏ. ஆகலாம். இது சிறிய விஷயமல்ல.

ஆனால் அந்த மாணவர் மூல ஆவணம் ஒன்றைப் பார்க்க விரும்பினால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகவேண்டும். ரயில் கட்டணம், தங்கும் செலவு, இழக்கும் கூலி ஆகியவை எந்தக் கட்டண அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை. 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாயும் இளங்கலையோடு நின்றுவிடுகிறது. அதே ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தை விலக்கியது. ஆய்வின் முதற்படியாக இருந்த அதில் கற்றதை இனி முதுகலையிலேயே கற்றாக வேண்டும்.

வேலை தராத படிப்புக்கு ஏன் செலவு என்று கேட்பார்கள். அக்கவலை நியாயமானதே. ஆனால் வசதியுள்ளவர்கள் மட்டும் வரலாறு படித்தால், அவர்கள் கேட்கும் கேள்விகளே வரலாறாகிவிடும். கரிசல் காட்டுக்காரருக்குக் கட்டபொம்மன் 1959ஆம் ஆண்டுத் திரைப்பட வசனமாகவே மிஞ்சுவான்.

முதுகலை மாணவருக்குச் சிறு உதவித்தொகை, தூத்துக்குடி, நெல்லைக் கல்லூரி நூலகங்களில் ஆவணங்களின் மின்படிகள், சொந்த வட்டாரம் பற்றிய ஓர் ஆய்வேடு. கேட்பது இவ்வளவுதான். நினைவுக்கோட்டை கட்ட முடிந்த அரசுக்கு இது பெருஞ்செலவன்று.