வசூலுக்கு விஷம்

1938 மே மாதம் அமெரிக்க சினிமா வர்த்தகப் பத்திரிகை ஒன்றில் வந்த விளம்பரம் ஹாலிவுட்டைத் திடுக்கிட வைத்தது. கொடுத்தவர்கள் தியேட்டர் உரிமையாளர்கள் சங்கத்தினர். சில நட்சத்திரங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, வாங்குவது பெரிய சம்பளம், ஆனால் வசூலுக்கு விஷம் என்று பொரிந்து தள்ளியிருந்தார்கள். கிரேட்டா கார்போ, ஜோன் கிராஃபோர்ட், மே வெஸ்ட் என்று நீண்ட அந்தப் பட்டியலில் காதரின் ஹெப்பர்னும் இருந்தார். அந்த மாதம்தான் அவருக்கு 31 வயது நிறைந்தது. ஓர் ஆஸ்கார் ஏற்கெனவே வாங்கியிருந்தார்.

தியேட்டர்காரர்களின் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் ஹோவார்ட் ஹாக்ஸ் இயக்கிய 'பிரிங்கிங் அப் பேபி' வெளியாகியிருந்தது. டைனோசர் எலும்புக்கூட்டின் கடைசி எலும்புக்காகக் காத்திருக்கும் சாதுவான ஆராய்ச்சியாளர் கேரி கிராண்ட். ஒரு சிறுத்தையையும் ஓயாத வாயையும் வைத்துக்கொண்டு அவர் வாழ்க்கையைத் தலைகீழாக்கும் பணக்காரப் பெண் ஹெப்பர்ன். படம் தயாரிப்பாளரான ஆர்.கே.ஓ. கம்பெனிக்கு நஷ்டத்தைத் தந்தது. இன்று அதே படம் காதல் நகைச்சுவையின் பாடப்புத்தகம். 1990இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. 

ஹெப்பர்ன் அழுதுகொண்டு உட்காரவில்லை. கம்பெனிக்குப் பணம் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விடுவித்துக்கொண்டார். நாடகாசிரியர் ஃபிலிப் பாரி அவரை மனதில் வைத்து எழுதிய 'த ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி' 1939 மார்ச்சில் பிராட்வே மேடை ஏறி அமோக வெற்றி பெற்றது. அதன் திரைப்பட உரிமையை ஹெப்பர்னுக்காக வாங்கிக் கொடுத்தவர் கோடீஸ்வரர் ஹோவார்ட் ஹியூஸ். படமாக்க விரும்பிய எம்.ஜி.எம். அதிபர் லூயி பி. மேயர் ஹெப்பர்னிடம்தான் வர வேண்டியிருந்தது. கதாநாயகி நானே, இயக்குநரையும் உடன் நடிப்பவர்களையும் தேர்ந்தெடுப்பதில் எனக்கும் பங்கு உண்டு என்பது அவர் நிபந்தனை. விஷம் என்று ஒதுக்கப்பட்டவர் இரண்டே வருடத்தில் விலை பேசும் இடத்துக்கு வந்துவிட்டார்.

1940இல் வெளியான அந்தப் படத்தின் கதையை யோசித்தால் ஒரு சங்கடம் எழும். விவாகரத்தான பணக்காரப் பெண் இரண்டாம் கல்யாணத்துக்குத் தயாராகிறாள். முன்னாள் கணவனும் பெற்ற தகப்பனும் மாறி மாறி அவளுக்கு உபதேசம் செய்கிறார்கள்: நீ மனுஷியாக இல்லை, சிலையாக இருக்கிறாய். வேறொரு பெண்ணிடம் போன தகப்பன், அதற்கும் மகளின் பாசமின்மையையே காரணம் காட்டுகிறான். கடைசியில் அவள் பணிவு கற்றுக்கொள்கிறாள். திமிர் பிடித்தவள் என்று ஹெப்பர்ன் மீது ரசிகர்கள் வைத்திருந்த குற்றச்சாட்டை அப்படியே கதையாக்கி, அவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய படம் அது. அவர் இறங்கி வருவதைப் பார்த்த ஜனங்கள் மன்னித்தார்கள். படம் ஓடியது.

அடுத்து வந்த 'வுமன் ஆஃப் த இயர்' (1942) இந்தக் கணக்கை இன்னும் வெளிப்படையாகப் போட்டது. ஹெப்பர்ன் உலக அரசியல் எழுதும் பிரபல பத்திரிகையாளர். ஸ்பென்சர் டிரேசி அதே பத்திரிகையின் விளையாட்டு நிருபர். இருவரும் ஜோடி சேர்ந்த ஒன்பது படங்களில் இதுவே முதல். பல மொழி பேசும் அந்தப் பெண்ணின் அறிவுக்குப் படம் முழுக்க மரியாதை இருக்கிறது. ஆனால் முன்னோட்டக் காட்சிக்குப் பிறகு ஸ்டூடியோ முடிவை மாற்றியது. புதிய முடிவில் அவர் சமையலறையில் புகுந்து, கணவனுக்குக் காலைச் சிற்றுண்டி செய்யத் தெரியாமல் திண்டாடுகிறார். காபி பொங்குகிறது, ரொட்டி பறக்கிறது, தியேட்டர் சிரிக்கிறது. கதையை எழுதிய ரிங் லார்ட்னர் ஜூனியருக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. ஆனாலும் அவருக்கும் உடன் எழுதிய மைக்கேல் கேனினுக்கும் திரைக்கதைக்கான ஆஸ்கார் கிடைத்தது.

ஏழு ஆண்டுகள் கழித்து 'ஆடம்ஸ் ரிப்' (1949) வந்தபோது தராசு நேரானது. ரூத் கார்டன், கார்சன் கேனின் என்ற நிஜத் தம்பதி எழுதி, ஜார்ஜ் க்யூகர் இயக்கிய படம். துரோகம் செய்த கணவனைச் சுட்ட ஒரு பெண்ணின் வழக்கு. அரசு வக்கீல் டிரேசி, எதிர்த்தரப்பு வக்கீல் அவர் மனைவி ஹெப்பர்ன். சட்டத்தை யாரும் கையில் எடுக்கக் கூடாது என்கிறார் கணவர். இதையே ஓர் ஆண் செய்திருந்தால் ஊர் அவனுக்குப் பரிந்து பேசியிருக்காதா என்கிறார் மனைவி. பகலில் நீதிமன்றத்தில் நடக்கும் சண்டை இரவில் படுக்கையறை வரை வருகிறது. வழக்கில் ஜெயிப்பவர் மனைவி. கணவர் தன் பங்குக்குக் கண்ணீரை ஆயுதமாக்கிக் காட்டுகிறார்: ஆணுக்கும் நினைத்தபோது அழ வரும்!

இன்று அதிகம் பேசப்பட வேண்டிய படம் 'டெஸ்க் செட்' (1957). ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் தகவல் பிரிவுக்கு ஹெப்பர்ன் தலைவி. எந்தக் கேள்வி வந்தாலும் அவரும் மூன்று பெண்களும் நினைவிலிருந்தோ புத்தகத்திலிருந்தோ பதில் சொல்வார்கள். அங்கே ராட்சதக் கம்ப்யூட்டரோடு வருகிறார் டிரேசி. வேலை போய்விடுமோ என்ற பயம் பிரிவைக் கவ்வுகிறது. சம்பளப் பிரிவில் வைத்த இன்னொரு இயந்திரம் நிறுவனத் தலைவர் உட்பட எல்லோருக்குமே பணிநீக்கச் சீட்டை அச்சடித்துத் தள்ளுகிறது. செயற்கை நுண்ணறிவு யார் வேலையைப் பறிக்கும் என்று அலுவலகம்தோறும் கவலைப்படும் இந்நாளில் அந்தப் பயம் பழசாகவே இல்லை.

2003இல் 96 வயதில் மறைந்தபோது ஹெப்பர்ன் கணக்கில் நான்கு ஆஸ்கார்கள். சிறந்த நடிகைக்கு அத்தனை ஆஸ்கார் வேறு யாருக்கும் கிடைத்ததில்லை. வேடிக்கை என்னவென்றால், இங்கே சொன்ன படங்கள் ஒன்றுக்குக்கூட அவருக்கு அந்த விருது இல்லை. இவற்றைப் பார்க்கும் இன்றைய பெண்களுக்குச் சில முடிவுகள் எரிச்சலூட்டலாம். அது நியாயமே. கடைசிப் பத்து நிமிடம் அந்தக் காலத்துக்குக் கட்டிய வரி என்று வைத்துக்கொண்டால், அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரமும் ஒரு பெண் தயக்கமில்லாமல் வாதாடுவதையும், ஓர் ஆண் அதை ரசித்துக் கேட்பதையும் பார்க்கலாம். புதிதாகப் பார்ப்பவர்கள் 'ஆடம்ஸ் ரிப்'பிலிருந்து தொடங்குவது நல்லது. வசனம் ரயில் வேகத்தில் ஓடும் என்பதால் சப்டைட்டிலோடு பார்ப்பது இன்னும் நல்லது.