கூட்டுக்குள் ஒளிந்த பகை

திருவள்ளுவர் உட்பகைக்கென்றே ஓர் அதிகாரத்தைத் தனியாக வகுத்தார். வெளியே நின்று வாளோங்குபவனைக் காட்டிலும் உள்ளே ஒளிந்திருப்பவனே அஞ்சத்தக்கவன் என்பது அவர் கருத்து. இவ்வாரம் நாம் எழுதப் புகுந்த பொருள் கடுகினும் சிறியது. எனினும் அக்கருத்துக்கு நல்ல சான்றாவது. தெள்ளு என்றும் பேன் என்றும் எம்மவர் பலவாறு வழங்கும் கோழிச்செள்ளைப் பற்றியே சொல்ல வந்தோம். 'இதற்கும் ஒரு கட்டுரையா?' என்று நகைக்கும் நேயர்கள் சற்றே பொறுத்தருள்க. இப்பாடத்தை எமக்குக் கற்பித்தவன் எம்மிடம் கற்கும் மாணவன் ஒருவன். அதனைக் கற்ற விதமோ எமக்கு நாணந் தருவது.

கிளிநொச்சி மாவட்டத்திலே நாம் கற்பிக்கும் கல்லூரியில், பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் சில நாட்களாகக் கைகளையும் கழுத்தையும் ஓயாது சொறிந்துகொண்டிருந்தான். தோலிலே சிவந்த தடிப்புகள் தென்பட்டன. சிரங்கு என்றே நாம் முடிவு செய்தோம். ஏனைய பிள்ளைகளுக்கும் தொற்றிவிடலாகாதே என்ற எண்ணத்தால் அவனைக் கடைசி வாங்கிலே தனியாக இருத்தினோம். மருந்து செய்துகொண்டு வருமாறு தாயாருக்கு ஒரு குறிப்பும் எழுதி அனுப்பினோம். மறுநாள் முதல் அவன் வரவில்லை. நான்காம் நாள் தாயார் மட்டும் வந்தார்.

"சிரங்கில்லை ஐயா. டொக்டர் பார்த்துச் சொல்லிப்போட்டார், ஏதோ பூச்சி கடிக்குதாம். பிள்ளை வெட்கத்திலை வரமாட்டன் எண்டு நிக்கிறான்" என்றார். அவர் குரலிலே கோபமில்லை; அதுவே எம்மை மேலுஞ் சுட்டது.

வீட்டு நிலையை விசாரித்தோம். 2010ஆம் ஆண்டில் மீள்குடியேறியபோது வாழ்வாதார உதவியாகக் கிடைத்த சில கோழிக்குஞ்சுகளின் வழிவந்த பன்னிரண்டு பேடுகளும் ஒரு சேவலும் அவர்களிடம் இருந்தன. முட்டை விற்ற பணமே மகனின் கொப்பிகளுக்கும் மாலை வகுப்புக்கும் உதவி வந்தது. அண்மைக் காலமாக முட்டை பாதியாகக் குறைந்துவிட்டதாம். கோழிகளின் கொண்டை வெளிறிப்போயிற்றாம். பொழுதுபட்டதும் கூட்டுக்குள் புக மறுத்து முருங்கையில் ஏறுகின்றனவாம். அவ்வாறு ஏறியவற்றுள் மூன்றை மரநாய் கொண்டுபோயிற்று. அடைவைத்த பேடு பதினைந்தாம் நாளில் முட்டைகளை விட்டு எழுந்துவிட்டது. கண்ணூறு என்று அயலார் கூற, கூட்டு வாசலிலே தேசிக்காயும் கட்டியாயிற்று. நாள்தோறும் கூட்டைத் திறப்பவனும் அடைப்பவனும் துப்புரவு செய்பவனும் அம்மாணவனே என்பதைக் கேட்டதும் எமக்கு ஓர் ஐயம் பிறந்தது.

அன்றிரவு எட்டு மணியளவில், ரோச் விளக்கொன்றை எடுத்துக்கொண்டு அவர்கள் வளவுக்குச் சென்றோம். தற்காலிகக் கொட்டிலுக்குக் கிடைத்த பழந் தகரத்தையும் பலகைகளையும் கொண்டு அடித்த கூடு அது. பகலிலே பார்த்தால் பழுதொன்றுந் தோன்றாது. கோழிகள் குந்தும் தடியின் அடிப்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தோம். துணி முழுவதும் இரத்தக் கீற்றுகள்! விளக்கைக் கிட்டப் பிடித்துப் பார்த்தபோது, தடியின் பட்டை வெடிப்பிலிருந்து செந்நிறப் புள்ளிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. அருகில் நின்ற மாணவன் தன் முழங்கையை நீட்டினான். அங்கும் இரண்டு ஊர்ந்தன.

இச்செள் பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. எட்டுக் காலுடைய சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவானது. நீளத்தால் ஒரு மில்லிமீற்றருக்கு மேற்படாது. சுவீடன் நாட்டு இயற்கையறிஞர் டி கீர் என்பாரின் நூலிலே, 1778ஆம் ஆண்டிலேயே இது விவரிக்கப்பட்டுள்ளது. பசித்திருக்கையில் சாம்பல் நிறமாகவும், இரத்தங் குடித்தபின் செந்நிறமாகவும் தோன்றும். பகலெல்லாம் பலகை வெடிப்பிலும் தடியின் நுனியிலும் முட்டைக் கடகத்தின் பின்னலிலும் பதுங்கிக் கிடந்து, இரவிலே வெளிப்பட்டுக் கோழியின் இரத்தத்தைக் குடித்து, விடியுமுன் மீண்டும் ஒளிந்துகொள்ளும். பகலிலே கோழியைப் பிடித்துச் சிறகை விரித்துப் பார்ப்பவர் கண்ணுக்கு அகப்படாமற் போவது இதனாலேதான். எம்மைப் போன்ற வெப்ப நாடுகளில், பகலிலுங் கோழியின் உடலிலேயே தங்கும் வேறோர் இனமும் உண்டு. எச்சத்துவாரத்தைச் சூழ்ந்த இறகுகள் அழுக்கேறிக் கறுத்திருப்பது அதன் அடையாளம்.

மனிதரையுஞ் செள் கடிக்கும். ஆனால் மனித உடலிலே அது குடியிருப்பதில்லை. சிரங்கைப் போல் ஒரு பிள்ளையிடமிருந்து மறு பிள்ளைக்குத் தொற்றுவதுமில்லை. எமது மாணவனைத் தனி வாங்கிலே இருத்தியதற்கு எவ்வித நியாயமும் இருக்கவில்லை.

இனிப் பரிகாரத்துக்கு வருவோம். மருந்து செய்யவேண்டியது முதலிற் கூட்டுக்கே என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். விடிந்ததும் கோழிகளை வெளியே விட்டுக் கூட்டிலுள்ள வைக்கோல், குப்பை, எச்சம் யாவற்றையும் வழித்தெடுத்து எரித்துவிடுக. பழைய முட்டைக் கடகங்களையும் அத்தீயிலேயே இடுக. தடிகளைக் கழற்றிப் பட்டையை முற்றாக உரித்துவிடுதல் நன்று. பட்டையுள்ள தடி செள்ளுக்குக் கட்டிக்கொடுத்த மாளிகையாகும். பின்பு நன்கு கொதித்த நீரை ஒவ்வொரு வெடிப்பிலும் பொருத்திலும் ஆறவிடாமல் ஊற்றுக. 45 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தைச் செள் தாங்காது. ஓலைச் சூளைக் கொளுத்திக் காட்டுவாரும் உளர். ஓலை வேய்ந்த கூட்டுக்கும் கொட்டிலுக்கும் அது ஆகாது. கூடு வெயிலிற் காய்ந்தபின் வேப்பெண்ணெயையும் சவர்க்கார நீரையும் குழைத்து வெடிப்புகளிலே தூரிகையாற் பூசுக. ஈற்றிலே சுண்ணாம்பை அடித்து வெடிப்புகளை அடைத்துவிட்டால் ஒளிவிடங் குறையும். வேப்பிலைக் கொத்தைக் கூட்டிலே செருகுவதுடன் அமைதி கொள்வோர் பலர். அது தனித்து நின்று இப்பகையை வெல்லாது.

பலரும் தவறுமிடம் இதன் பின்னரே வருகின்றது. ஒரு நாட் பணியோடு வேலை முடிந்ததென்று இருந்துவிடுகின்றனர். எஞ்சிய முட்டைகள் இரண்டு மூன்று நாளிலே பொரித்துவிடும். ஏழு முதல் பத்து நாளுக்குள் அவை வளர்ந்து தாமும் முட்டையிடத் தொடங்கிவிடும். ஆகவே வாரத்துக்கொரு முறையாக மூன்று முறையேனும் கொதிநீரும் எண்ணெயும் இடுதல் வேண்டும். கூட்டைச் சில வாரம் வெறுமையாக விட்டாற் பட்டினியால் அழியுமென்று எண்ணுவதும் பிழை. இரையின்றிப் பல மாதம் உயிர்தாங்க வல்லது இச்செள்.

கோழிகள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளவும் வழி செய்தல் வேண்டும். மழை நனையாத நிழலிலே ஒரு சிறு குழி தோண்டி, உலர்ந்த மணலையும் அடுப்புச் சாம்பலையும் கலந்து நிரப்பிவிட்டால், அவை தாமாகவே அதிற் புரண்டு குளிக்கும். உடலில் தங்கும் செள்ளுக்கும் இறகு தின்னும் பேனுக்கும் இது தக்க தடை. சந்தையில் வாங்கிய புதுக்கோழியை இரண்டு வாரம் புறம்பாகக் கட்டிவைத்துப் பார்த்தபின்னரே கூட்டிற் சேர்க்க வேண்டும். கூட்டுக் கூரையிலே குருவியும் மைனாவும் கட்டும் பழங்கூடுகளையும் அகற்றிவிடுக. அவற்றின் வழியாகவுஞ் செள் வரும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. அன்றிரவு அத்தாயார் ஒரு போத்தலைக் கொணர்ந்து காட்டினார். அயலவர் மிளகாய்த் தோட்டத்துக்குத் தெளித்து மிஞ்சிய பூச்சிமருந்து அது; மறுநாட் கோழிகளின் மேல் அதைத் தெளிக்க எண்ணியிருந்தார். நல்லவேளையாகத் தடுத்துவிட்டோம். கோழியின் மேற் பட்ட நஞ்சு முட்டைக்குட் செல்லும். முட்டை பிள்ளையின் கலத்துக்குச் செல்லும். 2017ஆம் ஆண்டிலே நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளின் கோழிப்பண்ணைகளில், இதே செள்ளைப் போக்கவென்று தெளித்த மருந்திலே, உணவுக்குரிய விலங்குகளுக்கு ஆகாதென விலக்கப்பட்ட பிப்ரோனில் என்னும் நஞ்சு கலந்திருந்தது. அது முட்டைகளிலே காணப்பட்டபோது இலட்சக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து மீட்டு அழிக்க நேர்ந்தது. ஆய்வுகூடங்கள் மலிந்த நாடுகளுக்கே அந்நிலை எனின், எமது முற்றத்து முட்டையைச் சோதிப்பவர் யார்? கொதிநீரும் எண்ணெயும் போதாவிடின், உங்கள் பிரிவிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடிக் கோழிக்கென்று வகுத்த மருந்தையே பெறுக. மருந்திட்டபின் எத்தனை நாளுக்கு முட்டையை உண்ணலாகாது என்பதையும் கேட்டறிக.

அடுத்த மூன்று சனிக்கிழமைகளிலும் நாமும் அம்மாணவனுமாகக் கிடாரத்திலே நீர் கொதிக்கவைத்து ஊற்றினோம். இரண்டாம் வாரத்திலேயே கோழிகள் முருங்கையை மறந்து கூட்டுக்குள் அடைந்தன. அவன் கைத்தடிப்புகளும் மறைந்தன. முட்டை பழைய எண்ணிக்கைக்கு வர ஒன்றரை மாதஞ் சென்றது. அதன்பின் அடைவைத்த பேடு இருபத்தொரு நாளும் அசையாதிருந்து ஒன்பது குஞ்சுகளைப் பொரித்தது.

அவன் கல்லூரிக்குத் திரும்பிய அன்று, வகுப்பு முழுவதுங் கேட்க எமது பிழையை ஒப்புக்கொண்டோம். அவனை முன் வாங்கிலே இருக்கச் சொன்னோம். "இதுவே இருக்கட்டும் சேர்" என்று கூறிக் கடைசி வாங்கிலேயே அமர்ந்தான். சற்று நேரத்தில் வேறிரு மாணவர்கள் தாமாகவே எழுந்து சென்று அவன் இருபுறமும் அமர்ந்துகொண்டனர். நாம் பாடத்தைத் தொடங்கினோம்.

நேயர்களே, இன்றிரவு ஒரு வெள்ளைத் துணியையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு உங்கள் கோழிக்கூட்டை ஒரு முறை பாருங்கள்.