ரொட்டிப் பெட்டிக்கு ஒரு தச்சர்

பழைய வாகன ஊர்வலம் என்றாலே கூட்டம் மொய்ப்பது மகாராஜாக்களின் ரோல்ஸ்ராய்ஸ்களைத்தான். டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964ல் ஊர்வலத்தைத் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் நடைமுறை. அரண்மனைக் கொட்டகையில் போர்வைக்குள் தூங்கிய கார்கள் பிழைத்துக்கொண்டன. ரொட்டியும் பாலும் இறைச்சியும் சுமந்த வண்டிகளுக்குப் போர்வை போட ஆளில்லை. உழைத்து ஓய்ந்ததும் எடைக்குப் போயின.

அப்படிப் போனவற்றில் ஒன்று மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் மரப்பெட்டி பூட்டிய சரக்கு சைட்கார். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட பிரிட்டனில் பேக்கரிக்காரரும் கசாப்புக் கடைக்காரரும் புகைபோக்கி சுத்தம் செய்பவரும் இதை நம்பித்தான் தொழில் நடத்தினார்கள். காருக்குக் கட்டும் வரியைவிட இதற்கு வரி குறைவு, பெட்ரோலும் குறைவு. சிறிய வேன்கள் மலிந்ததும் இதன் காலம் முடிந்தது. இன்று பழைய பைக்கை உயிர்ப்பிக்கும் பித்துப் பிடித்தவர்களில் சிலருக்கு இந்தப் பெட்டியின் மீது தனி மோகம். அதில் அவர்கள் படும் பாடு தனிக்கதை.

சைட்கார் என்றதும் இந்தியர்களுக்கு நினைவுக்கு வருவது 1975ல் வந்த ‘ஷோலே’. தர்மேந்திராவும் அமிதாப் பச்சனும் பாடியபடி ஓட்டி வருவது 1942ம் வருட பி.எஸ்.ஏ. டபிள்யூ.எம்.20. பாட்டின் நடுவே சைட்கார் கழன்று தனி வழியே போய், மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். அது சினிமா வேடிக்கை. ஆனால் கழற்றி மாட்டலாம் என்பது நிஜம். 1988ம் வருட மோட்டார் வாகனச் சட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது: கழற்றக்கூடிய சைட்காரும் அதன் சக்கரமும் சேர்ந்தாலும் மோட்டார் சைக்கிள் என்பது சட்டத்தின் கண்ணில் இரண்டு சக்கர வாகனமே. மூன்று சக்கரங்களை எண்ணிப் பார்த்துவிட்டு இரண்டு என்று எழுதத் தெரிந்தது சட்டம் மட்டும்தான்.

அந்த எம்.20 பெட்டி கட்ட விரும்புகிறவர்களுக்கு வாய்த்த வரம். போர்க்காலத்தில் மட்டும் சுமார் 1,26,000 வண்டிகள் தயாராயின. 496 சி.சி., ஒற்றை சிலிண்டர், வால்வுகள் பக்கவாட்டில். 13 குதிரைத் திறன்தான். ஆனால் மாடு போல இழுக்கும். பிரிட்டனில் இதன் உதிரி பாகங்கள் இன்றும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. டெல்லி கரோல்பாகிலும் கொல்கத்தா மல்லிக் பஜாரிலும் சென்னை புதுப்பேட்டையிலும் அலையத் தயாராக இருப்பவருக்கு ஏதாவது அகப்படும். சிலிண்டரை ரீபோர் செய்யலாம், லூகாஸ் மேக்னெட்டோவின் சுருளைப் புதிதாகச் சுற்றலாம், தேய்ந்த புஷ்ஷை நல்ல லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது, கையேடு இருக்கிறது. பணமும் பொறுமையும் இருந்தால் இன்ஜின் ஓடிவிடும்.

பெட்டிக்கு எதுவுமே கிடையாது. சைட்கார் கம்பெனிகள் இரும்புச் சட்டத்தைத் தனியாகவும் விற்றன. பெட்டியை அந்தந்த ஊர்த் தச்சரே கடைக்காரரின் தேவைக்கு ஏற்பச் செய்துகொடுப்பதும் உண்டு. அவர் வரைபடம் போட்டு யாருக்கும் அனுப்பவில்லை. எஞ்சியிருப்பவை பழைய விளம்பரங்களும் கடை வாசலில் எடுத்த மங்கிய புகைப்படங்களும். படத்தில் தெரியும் சக்கரத்தின் நிஜ விட்டத்தை அளவுகோலாகக் கொண்டு பெட்டியின் நீள உயரத்தைக் கணக்கிடுவார்கள். அதிலும் ஒரு சூட்சுமம்: சைட்கார் பக்கமிருந்து எடுத்த படமென்றால் சைட்காரின் சக்கரத்தைத்தான் அளக்க வேண்டும். பின்னால் தள்ளி நிற்கும் பைக்கின் சக்கரம் படத்தில் சிறுத்துத் தெரியும். அதை நம்பினால் பெட்டி பெருத்துவிடும்.

அடுத்த சிக்கல் மரம். ஆங்கிலேயத் தச்சர்கள் சட்டகத்துக்குப் பயன்படுத்தியது ஆஷ். கிரிக்கெட் ஸ்டம்புக்கும் சுத்தியல் பிடிக்கும் போகிற அதே மரம். அடி வாங்கும், வளையும், லேசில் முறியாது. நம் ஊரில் உடனே எல்லோரும் தேக்கு என்பார்கள். தேக்கு அழுகாது, உருக்குலையாது, சரி. ஆனால் குலுக்கலைத் தாங்கி நெளிந்துகொடுக்கும் குணம் அதற்குக் குறைவு. வட இந்தியாவில் ஹாக்கி மட்டை செய்யும் முசுக்கொட்டை மரம் இந்த விஷயத்தில் ஆஷுக்கு நெருங்கிய உறவு. தேக்கின் கௌரவம் அதற்கு இல்லாததால் யாரும் கேட்பதில்லை.

கனம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி. உறுதியாக இருக்கட்டும் என்று தடித்த பிளைவுட்டை அறைந்தால் பெட்டி அல்ல, பீரோ கிடைக்கும். 13 குதிரைகளும் அதை இழுத்தே களைத்துவிடும். மெல்லிய சட்டகம், அதன் மேல் மெல்லிய பிளைவுட், தண்ணீர் வழிந்தோட லேசாக வளைந்த கூரை, அதன் மேல் பெயின்ட் பூசிய கான்வாஸ் என்பதே பழைய முறை. பெட்டியைச் சட்டத்தோடு இறுக்கி முடுக்காமல் நடுவே ரப்பர் வைப்பார்கள். இல்லாவிட்டால் நாலாவது மாதம் கதவின் மூலையில் விரிசல் விடும். அந்தக் காலத்து வஜ்ஜிரம் ஈரத்தில் இளகி, அடிக்கட்டையின் பொருத்துகளில் அழுகல் தொடங்கியதால்தான் பல பெட்டிகள் மடிந்தன. இன்று எபாக்ஸி பசை இருக்கிறது. வெளியே தெரியாத இடத்தில் அதைப் பூசுவதை எந்தப் பிடிவாதக்காரரும் குற்றம் சொல்வதில்லை. கூட்டல் குறி போட்ட பிலிப்ஸ் ஸ்க்ரூவைக் கண்டால்தான் முகம் சுளிப்பார்கள்.

பைக்கோடு பூட்டுவது தனி வித்தை. சைட்கார் சக்கரம் பைக்கின் பின்சக்கரத்தைவிடச் சில அங்குலம் முன்னால் நிற்க வேண்டும். அதன் முகம் பைக்கை நோக்கிச் சற்றே உள்வாங்க வேண்டும். பைக் மறுபுறம் ஒரு நூல் சாய்ந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் நேரான பலகைகளைச் சக்கரங்களோடு ஒட்டிவைத்து, முன்னும் பின்னும் இடைவெளியை அளந்து சரிசெய்வார்கள். கணக்குப் பிசகினால் கைப்பிடி ஓயாமல் ஒரு பக்கம் இழுக்கும், டயர் தேயும். எல்லாம் சரியாக இருந்தாலும், இடது பக்கம் பெட்டி உள்ள வண்டி வேகமெடுக்கும்போது இடப்புறம் இழுக்கும், பிரேக் போட்டால் வலப்புறம் பாயும். இடது திருப்பத்தில் காலிப் பெட்டி அந்தரத்தில் எழும். புதிதாக ஓட்டுபவர்கள் பெட்டிக்குள் மணல் மூட்டை போட்டுப் பழகுவது இதனால்தான்.

இவ்வளவும் முடிந்து பெயின்ட் காய்ந்த பிறகுதான் விவகாரமே வருகிறது: பெட்டியின் மேல் என்ன எழுதுவது? வெற்றுப் பலகை அழகாக இருக்காது. ஆகவே இல்லாத ஒரு பேக்கரியின் பெயரைத் தங்க எழுத்தில் எழுதி, கீழே ‘ஸ்தாபிதம் 1928’ என்று போட்டு, வெயிலில் வெளுத்தது போல உப்புத்தாளால் தேய்த்தும் விடுகிறார்கள். பார்ப்பவர் நம்பிவிடுகிறார். வண்டி இரண்டு கை மாறியதும் விற்பவரே நம்பிவிடுகிறார். சர்வதேசப் பழைய வாகனக் கூட்டமைப்பு 2013ல் ஏற்ற டூரின் சாசனம் மாற்றிய பாகங்களில் அழியாத அடையாளம் இட வேண்டும் என்கிறது. கதவின் உள்பக்கம் தச்சரின் பெயரும் பெட்டி செய்த வருடமும் இரண்டு வரி எழுதினால் போதும், வண்டியின் மதிப்பு ஒரு ரூபாயும் குறையாது. இன்ஜின் நம்பரைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் ஆசாமிகள் தச்சரின் பெயரைக் கேட்பதுகூட இல்லை என்பதுதான் வருத்தம்.

அரசாங்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொண்டுவந்த விதிகளின்படி, 50 வருடம் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் ‘வின்டேஜ்’ எனப் பதிவு பெறலாம். எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். மூல வடிவம் மாறக்கூடாது. சட்டத்திலோ உடலிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் கூடாது. கழற்றக்கூடிய சைட்காரில் புதிதாக வைத்த மரப்பெட்டி மூல வடிவத்தைக் கெடுத்ததாகுமா? பைக்கின் சட்டத்தில் கை வைக்காதவரை ஆகாது என்பதுதான் நியாயமான பதில். அதே விதிகள் இன்னொன்றும் சொல்கின்றன: இப்படிப் பதிவான வண்டியை ஊர்வலத்துக்கும் கண்காட்சிக்கும் பழுது பார்க்கவும் பெட்ரோல் போடவும் ஓட்டலாம், வாடிக்கையாகவோ வியாபாரத்துக்காகவோ ஓட்டக்கூடாது. ரொட்டி சுமக்கப் பிறந்த பெட்டி வி.ஏ. எண்ணோடு ரொட்டி சுமந்தால் குற்றம். மணல் மூட்டைக்குத் தடையில்லை.