எல்லை கடந்து பேசுவோர் அனைவரும் ஐயத்துக்குரியவர்களா?

புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்று இன்று ஒரே கூரையின் கீழ் வாழ்வதில்லை. தாய் யாழ்ப்பாணத்தில், மூத்த மகன் இலண்டனில், மகள் ரொறன்ரோவில், சின்னம்மா குடும்பம் யேர்மனியில் என்று பல நாடுகளிலும் சிதறிக் கிடக்கும் உறவுகளை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது கைத்தொலைபேசி ஒன்றே. பிறந்தநாள் வாழ்த்தும் மரணச் செய்தியும், திருமணப் பேச்சும் காணித் தகராறும், மருந்துச் செலவுக்கு அனுப்பிய பணத்தின் விபரமும் அதன் வழியாகவே போய் வருகின்றன. அடுத்த வீட்டாருக்கும் கேட்கக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு பேசப்படும் பேச்சு, உலகின் மிகப் பெரிய நிறுவனங்கள் சிலவற்றின் வழங்கிகளையும், வல்லரசுகள் சிலவற்றின் கண்காணிப்பு எல்லைக்குட்பட்ட வடங்களையும் கடந்தே மறுமுனையைச் சென்றடைகின்றது என்பதைப் பெற்றோரில் பலர் அறியார். அறிந்த இளையோரில் பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

“எங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? குற்றம் செய்தவன்தானே பயப்பட வேண்டும்?” என்பதே இது பற்றிப் பேசப்படும் இடங்களிலெல்லாம் கூறப்படும் விடை. இவ்விடை தவறானது மட்டுமன்று, புலம்பெயர்ந்தோரைப் பொறுத்தவரை ஆபத்தானதும் ஆகும். ஏனெனில், மேற்குலகின் கண்காணிப்புச் சட்டங்கள் குற்றவாளியையும் நிரபராதியையும் பிரித்துக்கொண்டு தம் பணியைத் தொடங்குவதில்லை. உள்நாட்டுப் பேச்சையும் எல்லை கடந்த பேச்சையும் பிரித்துக்கொண்டே அவை தொடங்குகின்றன. எல்லைக்குள் பேசுபவனுக்கு ஒரு வேலி உண்டு. எல்லை கடந்து பேசுபவனுக்கு அவ்வேலி தாழ்ந்துவிடுகின்றது.

2013 ஆம் ஆண்டு யூன் மாதம், அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகத்தின் ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வேர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள் இரண்டு வழிகளை உலகுக்குக் காட்டின. மைக்ரோசொப்ட், யாகூ, கூகிள், பேஸ்புக், அப்பிள் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்களிடமிருந்து பயனர்களின் தரவுகளைப் பெறும் ‘பிரிசம்’ திட்டம் முதலாவது. கண்டங்களை இணைக்கும் ஒளியிழை வடங்களிலிருந்தே தகவல்களை அள்ளும் பிரித்தானிய அரச தொடர்பாடல் தலைமையகத்தின் ‘டெம்போரா’ திட்டம் இரண்டாவது. அரசுக்கு நேரடி வாசல் எதனையும் தாம் திறந்துவிடவில்லை, சட்டப்படி கேட்கப்பட்டதையே கொடுத்தோம் என்று நிறுவனங்கள் மறுத்தன. அந்த மறுப்பு முழுவதும் உண்மையென்றே வைத்துக்கொள்ளலாம். அப்பொழுதும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. அந்தச் சட்டம் யாரைக் காக்கின்றது?

பிரிசம் திட்டத்துக்கு அடிப்படையாக அமைந்தது, 2008 இல் திருத்தப்பட்ட அமெரிக்க வெளிநாட்டுப் புலனாய்வுக் கண்காணிப்புச் சட்டத்தின் 702 ஆம் பிரிவு. அமெரிக்கர் அல்லாத, அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் ஒருவரைக் கண்காணிக்க, அவருக்கெனத் தனியான நீதிமன்ற ஆணை எதனையும் இப்பிரிவு கேட்பதில்லை. நடைமுறை விதிகளுக்கு மட்டுமே நீதிமன்றம் ஒப்புதல் அளிக்கின்றது. அவ்வாறு கண்காணிக்கப்படுபவரோடு அமெரிக்காவில் வாழும் உறவினர் பேசினால், அவரது பேச்சும் சேர்ந்தே களஞ்சியத்துக்குள் போகின்றது. இதனைத் ‘தற்செயலான சேகரிப்பு’ என்று அழைக்கின்றார்கள். தற்செயலாகச் சேர்ந்ததைத் தேடிப் பார்ப்பது மட்டும் தற்செயலானதன்று. 2021 ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கர்களின் விபரங்களை வைத்து எப்.பி.ஐ. நடத்திய தேடல்கள் 34 இலட்சம் வரை இருக்கலாம் என்று அமெரிக்க அரசின் சொந்த அறிக்கையே கூறியது. 2024 ஏப்ரலில் இப்பிரிவு மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு நீடிக்கப்பட்டபோது, இத்தகைய தேடலுக்கு நீதிமன்ற ஆணை வேண்டும் என்ற திருத்தம் பிரதிநிதிகள் சபையில் வாக்குகள் சமமாகப் பிரிந்ததனால் தோற்றுப்போனது.

பிரித்தானியாவின் கதையும் இதிலிருந்து வேறுபட்டதன்று. 2000 ஆம் ஆண்டின் சட்டம் ‘வெளித் தொடர்பாடல்’ என்ற ஒரு வகையை வகுத்து, அதனை மொத்தமாக அள்ள வழிவிட்டது. 2014 இல் நீதிமன்றச் சபை ஒன்றின் முன் பிரித்தானிய உள்துறை உயரதிகாரி ஒருவர் அளித்த கூற்று, இச்சொல்லின் நீளம் எவ்வளவு என்பதை வெளிப்படுத்தியது. கூகிளில் செய்யும் தேடலும் பேஸ்புக்கில் இடும் பதிவும், அவற்றின் வழங்கிகள் வெளிநாட்டில் இருப்பதனால், வெளித் தொடர்பாடலாகவே கொள்ளப்படும் என்றார் அவர். இச்சட்டத்தின் கீழான மொத்தக் கண்காணிப்பு முறை மனித உரிமைகளை மீறியது என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேராயம் 2021 மே மாதம் 25 ஆம் நாள் தீர்ப்பளித்தது. அதற்கு முன்னரே 2016 இல் புதிய சட்டம் வந்துவிட்டது. பாதுகாப்புகள் சில கூடின என்பது உண்மை. ஆயினும் பிரிவினை அப்படியே இருக்கின்றது. பிரித்தானியாவில் இருப்பதாக அறியப்பட்ட ஒருவரின் பேச்சைத் தெரிவுசெய்து படிக்கத் தனி ஆணை வேண்டும். வெளிநாட்டில் இருப்பவரின் பேச்சுக்கு அது வேண்டியதில்லை. அழைப்பின் ஒரு முனையில் இருக்கும் மகனுக்கு ஒரு நீதி, மறுமுனையில் இருக்கும் தாய்க்கு இன்னொரு நீதி. இருவரும் பேசுவதோ ஒரே பேச்சு!

ஊரோடு பேசாத புலம்பெயர் தமிழ்க் குடும்பம் எங்கே உண்டு? நான்கு தலைமுறையாக ஒரே ஊரில் வாழும் ஆங்கிலேயர் ஒருவருக்கு எல்லை கடந்த பேச்சு எப்பொழுதாவது நிகழ்வது. தமிழருக்கு அது நாளாந்த வாழ்க்கை. சட்டத்தில் தமிழர் என்ற சொல் எங்கும் இல்லை. சோமாலியர், குர்தியர் என்ற சொற்களும் இல்லை. ஆனாலும் அச்சட்டத்தின் பாரம் இத்தகைய சமூகங்களின் தலையிலேயே அதிகமாக விழுகின்றது.

“வட்ஸ்அப் பேச்சு மறைகுறியாக்கப்பட்டது, யாரும் கேட்க முடியாது” என்று ஆறுதல் அடைவோர் உண்டு. 2016 முதல் அச்செயலியில் முனைக்கு முனை மறைகுறியாக்கம் இருப்பது உண்மையே. ஆனால் யார், யாரோடு, எந்நேரம், எத்தனை தடவை, எங்கிருந்து பேசினார் என்ற மேல்தரவு அதனால் மறைந்துவிடுவதில்லை. கடிதத்தைப் படிக்காமல் உறையை மட்டும் பார்ப்பதில் என்ன தீங்கு என்று கேட்கலாம். ஆயிரம் உறைகளை அடுக்கிப் பார்த்தால் ஒரு மனிதனின் நோயும் கடனும் நட்பும் அரசியலும் அதில் தெரிந்துவிடும். மேல்தரவை அடிப்படையாக வைத்தே ஆட்களைக் கொல்வதாக, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகத்தின் முன்னாள் பணிப்பாளர் மைக்கல் ஹேடன் 2014 இல் பொது விவாதம் ஒன்றில் ஒப்புக்கொண்டார். உறையின் பெறுமதியை இதைவிடத் தெளிவாக எவரும் கூறிவிட முடியாது.

பாதுகாப்புக்காக இவற்றைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்ற வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. குண்டு வெடிப்பில் இறப்பவர்களிலும் தமிழர் இருக்கக்கூடும். 702 ஆம் பிரிவு பயனுள்ள தகவல்களைத் தந்திருக்கின்றது என்று அமெரிக்காவின் தனியுரிமை மற்றும் குடிசார் உரிமைகள் மேற்பார்வைச் சபையே 2014 யூலையில் கூறியது. ஆனால், குறித்த ஒருவரைத் தேடுவது வேறு, அனைவரையும் அள்ளிவிட்டுப் பின்னர் தேடுவது வேறு. அமெரிக்கர்களின் தொலைபேசிப் பதிவுகளை மொத்தமாகச் சேகரித்த திட்டத்தை ஆராய்ந்த அதே சபை, பயங்கரவாத விசாரணை ஒன்றின் முடிவையேனும் அத்திட்டம் மாற்றியதற்குச் சான்றில்லை என்று அதே ஆண்டு சனவரியில் அறிக்கையிட்டது. அத்திட்டத்தின் வெற்றியாக அரசு எடுத்துக்காட்டியது, கலிபோர்னியாவில் வாழ்ந்த சோமாலியர் நால்வர் தாயகத்தில் உள்ள ஆயுத இயக்கத்துக்குப் பணம் அனுப்பினர் என்ற வழக்கை. 2020 செப்டெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களது குற்றத் தீர்ப்பை உறுதிசெய்தது. ஆயினும், அந்த மொத்தச் சேகரிப்புச் சட்டவிரோதமானது என்றும், அதன் பங்கு பற்றி அதிகாரிகள் பொதுவெளியில் கூறியவை வழக்கின் ஆவணங்களோடு பொருந்தவில்லை என்றும் அதே நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. கோடிக்கணக்கானோரின் பதிவுகளை அள்ளியதற்கு அரசு காட்டிய நியாயம் இவ்வளவே.

அரசு ஒருபுறம் இருக்க, நிறுவனங்கள் என்ன செய்கின்றன? இலவசம் என்று வழங்கப்படும் செயலிகளில் பெரும்பாலானவை தர்மத்துக்கு நடத்தப்படுவதில்லை. பயனரின் பழக்கவழக்கங்களைச் சேர்த்து விளம்பரதாரருக்கு விலைபேசுவதே அவற்றில் பலவற்றின் வருவாய். இவ்வாறு சேர்ந்த பண்டத்தை வாங்க அரசும் சந்தைக்கு வருகின்றது. ஒருவர் கைத்தொலைபேசியோடு நடமாடிய இடங்களின் நீண்டகாலப் பதிவைத் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து பெறுவதற்கு நீதிமன்ற ஆணை வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 இல் தீர்ப்பளித்தது. ஆணை பெற்று எடுக்க வேண்டியதையொத்த தகவலைத் தரவுத் தரகரிடம் காசு கொடுத்து வாங்கிவிட்டால்? புலனாய்வு அமைப்புகள் அவ்வாறு வாங்குவதை 2023 யூனில் வெளியான அமெரிக்க அரச அறிக்கை ஒன்றே ஏற்றுக்கொண்டது. முசுலிம்களுக்குத் தொழுகை நேரத்தைக் காட்டும் பிரபல செயலி ஒன்றின் பயனர் இருப்பிடத் தரவு, தரகு நிறுவனம் ஒன்றின் ஊடாக அமெரிக்கப் பாதுகாப்பு ஒப்பந்ததாரர்கள் வரை சென்றது என்று 2020 நவம்பரில் செய்தி வெளியானதும், அத்தரகரோடு இருந்த தொடர்பை அச்செயலி நிறுவனம் துண்டித்துக்கொண்டது. கடவுளை வணங்கும் நேரத்தை அறிய விரும்பியவர் தம் நடமாட்டத்தை இராணுவத்துக்கு அறிவிக்க விரும்பியிருப்பாரா?

படங்களின் நிலையும் இதுவே. தேர்த் திருவிழா, அரங்கேற்றம், கவனயீர்ப்புப் போராட்டம் என்று எல்லாவற்றையும் முகநூலில் ஏற்றும் பழக்கம் பெற்றோரிடமும் உண்டு, பிள்ளைகளிடமும் உண்டு. கிளியர்வியூ என்ற அமெரிக்க நிறுவனம் இணையத்தில் கிடந்த 300 கோடிக்கு மேற்பட்ட படங்களை எவரையும் கேளாமல் திரட்டி, முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் கருவியாக்கிக் காவற்றுறையினருக்கு விற்றது. கனடாவின் தனியுரிமை ஆணையாளர்கள் இதனைச் சட்டவிரோதமான மொத்தக் கண்காணிப்பு என்று 2021 பெப்ரவரியில் அறிவித்தனர். கனேடிய மத்திய காவற்றுறையும் அதனைப் பயன்படுத்தியிருந்தது. ஊர்வலத்தில் பதாகை தாங்கிய பிள்ளையின் முகம் பத்து ஆண்டுகளின் பின்னர் எந்த நாட்டின் குடிவரவு மேசையில், எந்த அதிகாரியின் திரையில் தோன்றும் என்பதை இன்று படம் ஏற்றுபவர் அறியார்.

நல்ல நிறுவனத்தைத் தெரிவுசெய்தால் போதும் என்போருக்கு யாகூவின் கதை பாடமாகும். 2008 இல் அமெரிக்க அரசின் கோரிக்கையை இரகசிய நீதிமன்றத்தில் எதிர்த்து நின்றது அந்நிறுவனம். பணியாவிட்டால் நாளொன்றுக்கு 250,000 டொலர் தண்டம் என்ற அச்சுறுத்தலின் கீழ் அது பணிந்தது. இவ்வச்சுறுத்தல் 2014 வரை வெளியே தெரியாது. இன்னும் அண்மையில், 2025 பெப்ரவரியில், பிரித்தானிய அரசின் இரகசிய ஆணை பற்றிய செய்திகளைத் தொடர்ந்து, சேமித்த கோப்புகளைத் தன்னாலும் திறக்க முடியாதவாறு பூட்டும் வசதியைப் பிரித்தானியப் பயனர்களுக்கு வழங்குவதை அப்பிள் நிறுத்தியது. நிறுவனத்தின் நல்லெண்ணம் ஒருபோதும் பூட்டாகிவிடாது. சட்டமும் மக்களின் விழிப்புமே பூட்டாகும்.

அப்படியாயின் செய்யக்கூடியது எதுவுமில்லையா? உண்டு என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். 2011 இல் ஒஸ்திரியாவைச் சேர்ந்த மக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற சட்ட மாணவர், தம்மைப் பற்றிப் பேஸ்புக் வைத்திருக்கும் தரவுகளைத் தருமாறு கேட்டார். 1,200 பக்கங்கள் வந்து சேர்ந்தன. அவர் தொடங்கிய போராட்டம், ஐரோப்பியர் தரவுகளை அமெரிக்காவுக்கு அனுப்ப இடமளித்த உடன்பாடுகளை 2015 இலும் 2020 இலும் இரண்டு தடவைகள் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வீழ்த்தியது. 2023 மே மாதத்தில் அந்நிறுவனத்தின் மீது 120 கோடி யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. இரண்டாவது சான்று யேர்மனியில். வெளிநாட்டில் வாழும் வெளிநாட்டவரைக் கண்காணிக்கும்போதும் யேர்மன் அரசு தன் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுக்குக் கட்டுப்பட்டதே என்று அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2020 மே மாதம் 19 ஆம் நாள் தீர்ப்பளித்தது. வெளிநாட்டு ஊடகவியலாளர்கள் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கு அது. எல்லைக்கு அப்பால் இருப்பவரும் மனிதரே என்று ஒரு நாட்டின் நீதிமன்றத்தால் கூற முடியுமானால், ஏனைய நாடுகளிடமும் அதனையே கேட்பது பேராசையாகாது.

ஆகவே இளையோர் முதலில் தம் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். தாய் தந்தையரின் கைத்தொலைபேசியை எடுத்து, எந்தச் செயலிக்கு இருப்பிடமும் ஒலிவாங்கியும் தொடர்பு எண்களும் திறந்துவிடப்பட்டுள்ளன என்று பார்த்துத் தேவையற்றவற்றை மூடிவிட அரை மணி நேரம் போதும். மேல்தரவைக் குறைவாகச் சேர்க்கும் சிக்னல் போன்ற செயலிக்குக் குடும்பப் பேச்சை மாற்றுவதற்கும் செலவில்லை. ஐரோப்பிய நாடுகளிலும் பிரித்தானியாவிலும் வாழ்வோர், தம்மைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தரவுகளைக் கேட்டுப் பெறும் உரிமையை ஒருதடவையாவது பயன்படுத்திப் பார்க்க வேண்டும். பெற்றோர், பிள்ளைகளின் படங்களை உலகறியப் பரப்புமுன் ஒருகணம் தாமதிக்க வேண்டும்.

இவை வீட்டுக் கதவுக்குப் போடும் தாழ்ப்பாள்கள் மட்டுமே. ஊர் வேலியைக் கட்டுவது அரசியற் பணியாகும். தேர்தல் காலத்தில் தமிழ் மண்டபங்களுக்கு வந்து பொன்னாடை போர்த்திக்கொள்ளும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் தமிழ் அமைப்புகள் கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியலில் இதுவும் இடம்பெற வேண்டும். எல்லை கடந்து பேசும் குடும்பத்துக்கு, எல்லைக்குள் பேசும் குடும்பத்துக்கு உள்ள அதே பாதுகாப்பு உண்டா, இல்லையா? ஆம் என்றால் அதனைச் சட்டத்தில் எழுதித் தரட்டும். இல்லை என்றால், இந்நாடுகளில் உழைத்து வரி கட்டும் மக்கள் பெற்ற தாயோடு பேசுவதனால் மட்டும் ஏன் குறைந்த உரிமையுடையவர்களாகின்றார்கள் என்பதற்கு அவர்கள் விடை கூறட்டும்.