ஜன்னலோர எலுமிச்சை... இலை கொட்டினால் பிடுங்கி எறியலாமா?

புளியங்குடியிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில், மடியில் வைத்துக் கொண்டுவரப்பட்டது அந்த எலுமிச்சைக் கன்று. இரண்டடி உயரம்தான். மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடி. ஹாலில், டி.வி-க்குப் பக்கத்தில் வைத்த நான்காவது நாள் முதல் இலை உதிர்ந்தது. மூன்று வாரத்தில் நாற்பதைத் தாண்டிவிட்டது. காலையில் வீடு பெருக்கும்போதெல்லாம் முறத்தில் மஞ்சளும் பச்சையுமாக எலுமிச்சை இலைகள்.

வேறு கன்றாக இருந்தால் நர்சரியில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். இது அப்படி வாங்கக்கூடியது அல்ல. `எலுமிச்சை நகரம்' என்று பெயர் வாங்கிய ஊரில், வீட்டுப் புறவாசலில் நின்ற மரத்தில் அப்பா கட்டிய விண்பதியன். அடுத்த மழைக்காலத்தைப் பார்க்க அப்பா இல்லை. பின்பக்கம் ஓர் அறை எடுக்க வேண்டி வந்ததில் மரமும் இல்லை. மிச்சம் இருப்பது இந்த ஒரு கன்று மட்டும்.

``எம்மா, செடி செத்துரும்போல இருக்கு'' என்று மகள் வீடியோ காலில் கண் கலங்க, அந்தப் பக்கம் அம்மா பதறவில்லை. ``ஏட்டி, இலையைக் காட்டாத. தண்டை நகத்தால லேசா கீறிக் காட்டு'' என்றார்.

கீறிய இடத்தில் பச்சை தெரிந்தது. உயிர் இருக்கிறது.

எலுமிச்சை, நார்த்தை, சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு என எந்தக் கன்றை வீட்டுக்குள் வைத்து இலை கொட்டினாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான். பட்டைக்கு அடியில் பச்சையாக, ஈரமாக இருந்தால் செடி பிழைத்துக்கொள்ளும். நுனிக் கிளை காய்ந்து பழுப்பாக இருந்தால் கொஞ்சம் கீழே கீறிப் பார்க்கலாம். பச்சை தொடங்கும் இடம் வரை நறுக்கிவிட்டுக் காத்திருக்கலாம். மொட்டைக் குச்சியாக நிற்கிறது என்பதற்காகக் குப்பையில் போடப்படும் கன்றுகளில் பல, உயிரோடு போகின்றன.

பிறகு, இலை ஏன் கொட்டுகிறது? வெயிலில் வளர்ந்த இலை வெயிலுக்கென்றே தடித்து உருவான இலை. நம் கண்ணுக்கு ஹால் பளிச்சென்று தெரியும். ஆனால், வெட்டவெளியோடு ஒப்பிட்டால் ஜன்னலிலிருந்து ஏழெட்டு அடி தள்ளியிருக்கும் இடம் செடிக்குக் கிட்டத்தட்ட இருட்டு. அந்த வெளிச்சத்தில் அத்தனை இலைகளை வைத்துக்கொண்டு செடியால் குடும்பம் நடத்த முடியாது. செலவைக் குறைக்கிறது, அவ்வளவுதான். இடம் மாறிய முதல் மாதத்தில் நடக்கும் இந்த இலை உதிர்வு நோய் அல்ல. மருந்தும் தேவையில்லை. கன்றை வீட்டிலேயே அதிக வெளிச்சம் விழும் கிழக்கு அல்லது தெற்கு ஜன்னலை ஒட்டி நகர்த்த வேண்டும். தினமும் ஐந்தாறு மணி நேரம் நேரடி வெயில் கிடைத்தால் நல்லது. ஒரே நாளில் பால்கனியின் உச்சி வெயிலுக்குத் தள்ளிவிடவும் கூடாது. நிழலில் துளிர்த்த மெல்லிய இலை வெந்து, வெளிறிய திட்டாகக் காய்ந்துபோகும். ஒரு வாரம், பத்து நாள் காலை வெயிலில் மட்டும் வைத்துப் பழக்க வேண்டும்.

குளிர்நாடுகளில் இந்தப் பாடத்தை எப்போதோ படித்துவிட்டார்கள். ஐரோப்பிய அரண்மனைகளில் ஆரஞ்சு மரங்களைப் பனிக்காலத்தில் காப்பாற்றுவதற்கென்றே தெற்கு பார்த்த பெரிய ஜன்னல்களோடு தனிக் கட்டடம் கட்டினார்கள். பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையில் 17-ம் நூற்றாண்டில் கட்டிய அப்படியொரு கூடம் இன்றைக்கும் இருக்கிறது. அங்கேயும் வெயில் காலம் வந்ததும் தொட்டிகளை வெளியே எடுத்துவிடுவார்கள். ராஜா வீட்டுச் செடியானாலும் வருடம் முழுக்க உள்ளேயே வைத்திருப்பதில்லை.

மேடவாக்கம் வீட்டில் இடம் மட்டும் பிரச்னை இல்லை. இலை கொட்டுகிறதே என்ற பயத்தில் மகள் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். வாரம் ஒருமுறை உரமும். தொட்டி அழகாக இருக்க வேண்டும் என்று துளையில்லாத பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைத்ததில், அடியில் இரண்டு அங்குலத் தண்ணீர் நாற்றத்தோடு தேங்கிக் கிடந்தது.

``தண்ணி ஊத்தியே கொன்னுருவ போலிருக்கே! மண்ணு காயாம ஊத்தக் கூடாதுன்னு அப்பா தலபாடா அடிச்சுக்குவாகளே, மறந்துட்டியா?''

தண்ணீர் அதிகமானால் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். இலை, நரம்பு உட்பட முழுவதும் மஞ்சளாகித் தொங்கும், தொட்டால் விழும். மண் ஈரமாக இருந்தும் செடி வாடி நின்றால் கோளாறு வேரில் இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் வேறு மாதிரி தெரியும். இலை நடு நரம்பை ஒட்டித் தோணிபோல மடியும், காய்ந்து மொறுமொறுப்பாகும். இரண்டுக்கும் நடுவே சரியான அளவைச் சொல்வதற்கு அட்டவணை எதுவும் வேண்டாம். ஆள்காட்டி விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால், அடித்துளை வழியாக வழியும்வரை ஊற்றி, தட்டில் சேர்ந்ததைக் கொட்டிவிடுங்கள். முழுக்க முழுக்கத் தென்னை நார்க்கழிவில் வைத்த கன்றானால் இன்னும் கவனம் தேவை. மேலே காய்ந்தது போலிருக்கும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். செம்மண், மணல், மட்கிய உரத்தோடு கொஞ்சமாக நார்க்கழிவு கலந்தால் போதும்.

இலை கொட்டும்போது உரம் வைப்பது, காய்ச்சலில் கிடப்பவருக்குப் பிரியாணி போடுவது மாதிரி. புதுத் துளிர் வரும்வரை உரத்தை மறந்துவிடலாம்.

சென்னை போன்ற ஊர்களில் இன்னொரு வில்லன் உண்டு. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். எண்ணம் நல்லதுதான், எலுமிச்சைக் குடும்பத்துக்கு மட்டும் ஆகாது. உப்பை வடிகட்டி ஒதுக்கிய தண்ணீர் அது. எலுமிச்சையின் வேரோ உப்பைத் தாங்காத வேர். இலையின் நுனியும் ஓரமும் தீயில் வாட்டினாற்போல் பழுப்பாகும். மண் மேல் வெள்ளை படியும். அந்தத் தண்ணீரை வீடு துடைக்க வைத்துக்கொள்ளலாம். செடிக்கு மழைத்தண்ணீர் சிறந்தது. ஏ.சி-யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை. அதையும் பிடித்து ஊற்றலாம். ஏற்கெனவே உப்புப் படிந்த தொட்டியை நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை, அடிவழியே ஓடும்படி அலசிவிட வேண்டும்.

போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் மஞ்சள் வேறு வடிவில் வரும். மஞ்சளை எந்த இலையில், எந்தக் கோலத்தில் என்று பார்ப்பதில்தான் சூட்சுமம். நுனியில் உள்ள புது இலை வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சை வலைபோலத் தெரிந்தால் இரும்புச்சத்து போதவில்லை. மண்ணில் இரும்பு இருக்கும். சுண்ணாம்பு மிகுந்த தண்ணீரால் வேருக்கு அதை எடுக்க முடியவில்லை. துருப்பிடித்த ஆணியைத் தொட்டியில் புதைக்கும் பழைய வைத்தியம் இங்கே உதவாது. உரக்கடைகளில் கிலேட்டட் அயர்ன் என்று கேட்டால் கிடைக்கும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு மீறாமல் கலந்து ஊற்றினால் அடுத்து வரும் இலைகள் பச்சையாக வரும். புது இலைகள் சிறுத்து, குறுகி, நரம்புக்கு நடுவே மஞ்சள் திட்டுகளோடு கொத்தாக வந்தால் துத்தநாகக் குறை. நுண்ணூட்டக் கலவை ஒன்றே இரண்டுக்கும் ஈடுகொடுக்கும். கீழே உள்ள முதிர்ந்த இலைகளில் ஓரம் மஞ்சளாகி, காம்புப் பக்கம் மட்டும் பச்சை முக்கோணமாக நின்றால் மெக்னீசியம் குறைவு. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் எப்சம் உப்பு கரைத்து ஊற்றலாம். மொத்தச் செடியும் சோகை பிடித்தாற்போல் வெளிறினால் தழைச்சத்து இல்லை. மண்புழு உரமோ கடலைப் பிண்ணாக்குக் கரைசலோ போதும். இலையின் இரு பாதியும் ஒன்றுபோல் இல்லாமல் கண்டபடி திட்டுத்திட்டாக மஞ்சள் படர்ந்தால் மட்டும் கொஞ்சம் கவலைப்பட வேண்டும். அது ஒருவகைப் பாக்டீரியா நோயாகவும் இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. சந்தேகம் வந்தால் இலையோடு தோட்டக்கலை அலுவலகத்தில் காட்டிவிடுவது நல்லது. அதைப் பரப்பும் சிறுபூச்சி கறிவேப்பிலையிலும் வாழும் என்பதால், இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமலிருப்பது நல்லது.

பூச்சிகளில், ஏ.சி. அறைகளில் முதலில் வருவது சிலந்திப்பேன். இலை மேல் ஊசியால் குத்தினாற்போல் வெளிர்ப்புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை. வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டினால், விழும் தூசியில் சில புள்ளிகள் நடக்கும்! வறண்ட காற்றும் புழுதியும் இதற்குக் கொண்டாட்டம். தொட்டியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய், மண்ணை பாலித்தீன் கவரால் மூடிவிட்டு, ஹேண்ட் ஷவரால் இலையின் அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும். நான்கு நாளுக்கு ஒருமுறை மூன்று நான்கு தடவை கழுவினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

தரை பிசுபிசுக்கிறது, எறும்பு ஏறுகிறது, இலையில் கரி பூசினாற்போல் இருக்கிறது என்றால் மாவுப்பூச்சியையோ செதில் பூச்சியையோ தேடுங்கள். பழுப்பு மச்சம்போல் தண்டில் ஒட்டிக்கொண்டு, உயிருள்ளது போலவே தெரியாது. சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்கலாம். கரும்பூசணத்தையும் ஈரத்துணியே போக்கிவிடும். பால்கனிக்கு எடுத்துப்போகும் கன்றுகளில், துளிர் இலைக்குள் வெள்ளிக் கோடாகக் கோலம் போட்டிருந்தால் அது இலைச் சுரங்கப்புழு. பார்க்க மோசமாக இருந்தாலும் செடியைக் கொல்லாது. சுருண்ட இலைகளையெல்லாம் கிள்ளி எறிவது தவறு. பாதி இலையும் சமைத்துப் போடும். துளிர் விடும்போது மட்டும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் தெளித்தால் போதும். பறவை எச்சம்போல் ஒன்று இலைமேல் உட்கார்ந்திருந்து, தொட்டதும் ஆரஞ்சு நிறக் கொம்பை நீட்டி நாற்றமடித்தால் பயப்பட வேண்டாம். வண்ணத்துப்பூச்சியின் புழு அது. சின்னக் கன்றை இரண்டே நாளில் மொட்டையடித்துவிடும் என்பதால் எடுத்து வேறு பெரிய கறிவேப்பிலை மரத்தில் விட்டுவிடலாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் விட மனம் வராது. அது வேறு கதை. பழுப்பு நிறச் சொரசொரப்பான புள்ளிகள், சுற்றிலும் மஞ்சள் வளையம் என்றால் சொறிநோய். நர்சரியிலிருந்தே வரும். அந்த இலைகளை நறுக்கிக் குப்பையில் கட்டிப்போட்டுவிட்டு, மற்ற இலைகள் மேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்த வேண்டும்.

மேடவாக்கம் வீட்டில் ஒரு விபரீதம் நூலிழையில் தவறியது. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து ஒன்றை யாரோ கொடுக்க, மருமகன் அதைக் கலந்து ஹாலிலேயே தெளிக்கத் தயாராகிவிட்டார். தரையில் பதினோரு மாதக் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. வீடியோ காலில் பாட்டிலைப் பார்த்த அம்மாவின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. ``மாப்ள, அதைக் கீழ வைங்க! பிள்ள வாயில இலையைப் போடும், தரையை நக்கும். செடி போனாப் போவுது.''

அப்பா கட்டிய பதியனைப் பற்றி அப்படிச் சொல்ல அவருக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று மகளுக்குத் தெரியும். வேப்பெண்ணெய்க் கரைசலாகவே இருந்தாலும் தொட்டியை மாடிக்கோ பால்கனிக்கோ எடுத்துப்போய்த் தெளித்து, காய்ந்த பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும். வயலுக்கான ரசாயனங்களுக்கு வீட்டுக்குள் எந்தக் காலத்திலும் வேலை இல்லை.

கன்று தெற்கு ஜன்னலுக்குப் போனது. பீங்கான் தொட்டியில் இப்போது குடை நிற்கிறது. அழுகிய வேர்களை நறுக்கி, துளையுள்ள மண்தொட்டியில் புது மண்ணில் வைத்தார்கள். பதினைந்து நாள் ஒன்றுமே நடக்கவில்லை. இந்தக் காலம்தான் கஷ்டமானது. சும்மா இருக்க வேண்டும். பிறகு கணுவில் ஒரு பச்சைப் புள்ளி, அதன் மேல் இன்னொன்று. புது இலைகள் பழையவற்றைவிட அகலமாக, மெல்லியதாக வந்தன. குறைந்த வெளிச்சத்துக்கென்றே செடி தைத்துக்கொண்ட சட்டை அது.

தை பிறந்தபோது நுனியில் இரண்டு வெள்ளை மொட்டுகள். படம் பார்த்த அம்மா, ``கன்னு சின்னது, காய் தாங்காது. இப்பவே கிள்ளிப் போட்டுரு. மொதல்ல இலை தழைக்கட்டும்'' என்றார். தோட்டக்காரர்கள் சொல்வதும் அதுதான். முதல் வருடப் பூவைக் கிள்ளிவிட வேண்டும்.

மகள் சரி என்றார். மொட்டு விரிந்து இன்றோடு மூன்று நாளாகிறது; ஹால் முழுக்க மணக்கிறது.