கொப்பியடித்தவர் யார்?

அண்மையில் நடந்த ஓர் இலக்கியச் சந்திப்பில் மூத்த எழுத்தாளர் ஒருவர் - நான் காக்கா என்று அழைப்பவர், என்னை எழுதத் தூண்டியவர் - பிரபுதேவாவை 'மைக்கல் ஜக்சனைக் கொப்பியடித்த ஆள்' என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டு அடுத்த விடயத்திற்குத் தாவினார். சபையும் தலையாட்டியது. தேநீர் வந்துவிட்டதால் அன்று நான் எழும்பவில்லை. இங்கே கேட்கிறேன்.

இருபது வருடமாக விடைத்தாள் திருத்துகிறவன் நான். கொப்பியடித்த பிள்ளையைப் பிடிப்பது பெரிய வித்தையல்ல. பக்கத்துப் பிள்ளையின் பிழையையும் சேர்த்தே எழுதியிருப்பான். கணக்கைச் சற்று மாற்றிக் கொடுத்தால் விழிப்பான். பிரபுதேவா விழிக்கிறவரல்லர். நடன ஆசிரியர் முகூர் சுந்தரின் மகன். தர்மராஜிடமும் உடுப்பி லட்சுமிநாராயணனிடமும் பரதம் பயின்றவர். 'அக்னி நட்சத்திரம்' (1988) படத்தில் கூட்டத்தில் ஒருவராக ஆடியவர், மறுவருடமே 'வெற்றி விழா'வில் மற்றவர்களை ஆட்டுவித்தார். ஜக்சனிடம் பெற்றதை அவர் ஒளிக்கவுமில்லை. பெற்றதைப் பரதம் பழகிய காலில் ஏற்றி ஆடினார். அதற்குப் பெயர் கொப்பியா?

'காதலன்' (1994) வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. பக்கத்து வீட்டு டெக்கில் 'முக்காலா' பாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கசெட் தேய்ந்தது. தலையும் கையும் காலும் மறைந்து உடுப்பு மட்டும் ஆடும் இடத்தில் எல்லாரும் கத்துவார்கள். என்னைப் பிடித்தது வேறு. கதாநாயகன் ஒரு பொலிஸ்காரரின் மகன். எங்களைப் போலவே எலும்பும் தோலுமான பொடியன். எங்கள் கூட்டாளி ஒருவன் வகுப்பறை மேசையில் ஏறி அதை ஆடிக்காட்டிப் பிரம்படி வாங்கினான். அடித்தவர் சொன்னதும் இதே சொல்தான்: 'கொப்பி'. அதன்பின் அவன் ஆடி நான் பார்க்கவில்லை. சபையில் காக்கா பேசியபோது எனக்குக் கேட்டது அந்தக் குரல்தான்.

கொப்பி என்றுதான் வழக்குத் தொடுக்க வேண்டுமென்றால் சரியான இடத்தில் தொடுங்கள். தமிழ் 'போக்கிரி' (2007), முந்திய வருடத்துத் தெலுங்குப் படம். அதையே 2009இல் சல்மான் கானை வைத்து 'வான்டட்' என்று ஹிந்தியில் எடுத்தார். 'ரவுடி ராத்தோர்' (2012), ராஜமௌலியின் 'விக்ரமார்க்குடு'. 'மின்சாரக் கனவு', 'லக்‌ஷ்யா' ஆகிய படங்களின் நடனத்துக்காகத் தேசிய விருது பெற்றவர், அடிதடியை மொழிக்கு மொழி இறக்கி வைத்தார். ('போக்கிரி'யை நானும் இரண்டு தரம் பார்த்தேன், மறுக்கவில்லை.) அந்தக் கொப்பிக்கு யாரும் பிரம்பைத் தூக்கவில்லை. வசூல் வந்ததே! ஆட்டம் என்றால் மட்டும் ஏன் நமக்கு இத்தனை இளக்காரம்? 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோதும் நம் சஞ்சிகை எதிலும் அவரது ஆட்டத்தைப் பற்றி ஒரு பந்தியாவது வந்ததாக எனக்கு நினைவில்லை.

காக்கா கோபிக்கக் கூடாது. அடுத்த சந்திப்புக்கு 'காதலன்' படத்தை நானே கொண்டுவருகிறேன். பாட்டுகளை மட்டும் பார்ப்போம். தேநீரைப் பிறகு குடிக்கலாம்.